கடைசி தேதிக்கு இரண்டு நாள்

அல்சூர் மெட்ரோ தூணுக்கு எதிர்மாடி.
ஆடிட்டர் நாகேந்திரப்பா
என் இடது பக்கம் பேசுகிறார்.
நாற்காலியைத் திருப்பிப் போடுகிறேன்.

"காது போனதும் வீட்டுக்கு அனுப்பினார்களா,
சர்வீஸ் முடித்து வந்தீர்களா?"

முடித்துத்தான்.
ஒற்றைக் காதோடு ஒன்பது வருடம்
பாலம் போட்டேன்.
ஆற்றிரைச்சலில்
உத்தரவை உதட்டில் படித்துக்கொள்வேன்.

"அனுப்பியிருந்தால் ஊனப் பென்ஷனுக்கு
வரியே இல்லை சார்."

கேட்டது.
ஆனாலும் "என்ன?" என்றேன்.

எழுந்து வலது பக்கம் வந்து
இன்னொரு தரம் சொன்னார்,
அவரே போட்ட சட்டம்போலக்
குரல் தாழ்த்தி.

ஃபீஸ் ஐநூறு.
வேண்டாம் என்றார்.
ஸ்டேப்ளரை எடுத்து அதன் மேல் வைத்தேன்,
ஃபேன் காற்றுக்குப் பறக்காமல்.

படியிறங்குகையில் தலைக்கு மேல்
மெட்ரோ போனது,
பாதிச் சத்தத்தோடு.