மூன்றாம் குழாய்

மழை விட்டு முக்கால் மணி நேரம்.
கோல கெட்டில் எண்ணெய் ஆலை வாசலில்
எடைமேடை விளக்கைச் சுற்றி
இறகு வைத்ததெல்லாம் பறக்கிறது.
அடுத்த லோரி இரண்டு மணிக்கு மேல்தான்.
நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

முதலில் ஈசலைத் தள்ள வேண்டும்.
ஈசலுக்கு இடுப்பில்லை,
நான்கு இறகும் ஒரே நீளம்,
கொம்பு நேராக, பாசி கோத்த மாதிரி.
எறும்புக்கு இடுப்புண்டு. கொம்பில் முழங்கையுண்டு.

அடுத்து ஆண்கள்.
தலை சிறுத்து, கண் பெருத்து,
வந்த காரியம் மறந்துபோய்
குழல்விளக்கில் முட்டிக்கொண்டே இருப்பார்கள்.
விடிந்ததும் அவர்களைக் கூட்டுவது என் வேலையில்லை,
ஆனாலும் நான்தான் கூட்டுகிறேன்.

மிச்சமிருப்பவளைக் குனிந்து பார்க்க வேண்டும்.
நெஞ்சு திமிலாக எழும்பியிருக்கும்,
பறந்த தசை அதற்குள் இருக்கிறது.
இனி அதைக் கரைத்துத்தான்
முதல் பிள்ளைகளுக்குச் சோறு.
தலை பெரிதென்று ஏமாறக் கூடாது:
போன மாதம் நான் கொண்டாடிய ராணி
தலை பெருத்த வேலைக்காரி.
பதினோரு நாள் பஞ்சைக் கடித்துக் கடித்துச் செத்தாள்.
அது முதல் குழாய்.

இறகைக் கழற்றிப் போட்டவள்தான் வேண்டும்.
கழற்றிய இடத்தில் தழும்பிருக்கும்,
சட்டையில் பொத்தான் அறுந்த இடம்போல.
ஓட்டத்திலும் தெரியும்.
வேலைக்காரி எதையோ தேடி ஓடுவாள்,
இவள் ஒளிய ஓடுவாள்.
லோரியைப் பத்துக் கிலோ பிசகாமல் சொல்லும் மேடை
இவள் குறுக்கே கடக்கும்போது
சுழியத்திலேயே நிற்கிறது.

அப்படி ஒருத்தி கிடைத்தாள், பழுப்பு நிறம்.
படம் அனுப்பினேன்.
சுங்கை பட்டாணியில் எறும்பு வளர்க்கும் பையன்
உடனே கேட்டான்:
"லோசனி அக்கா, இடுப்பில் கணு ஒன்றா, இரண்டா?
இரண்டென்றால் நாற்பது வெள்ளி."
நகைக்கடையில் இரவல் வாங்கிய லென்ஸை வைத்து
மூச்சடக்கி எண்ணினேன்.
இரண்டு.
அந்தச் சந்தோஷத்தில்
துணியை விலக்கி விலக்கி
வந்தவர் போனவர்க்கெல்லாம் காட்டினேன்.
பயத்தில் தன் முட்டைகளைத் தானே தின்றுவிட்டாள்.
அது இரண்டாம் குழாய்.
குற்றம் அவளுடையதில்லை.

மூன்றாவதைக் கொண்டுவந்தது
காவலுக்கு நிற்கும் தில்பகதூர்.
தொப்பியைக் கவிழ்த்துப் பிடித்தபடி வந்தான்.
உள்ளே கறுத்து நீண்ட ஒருத்தி,
நான்கு இறகும் நலுங்காமல்.
"இவள் கல்யாணம் ஆகாதவள், உதவமாட்டாள்" என்றேன்.
"தா அப்பா, இருக்கட்டும்" என்றான்.
முகம் பார்த்துத் தட்ட முடியவில்லை.
குழாயின் அடியில் தண்ணீர், பஞ்சு, அவள், மறுபடி பஞ்சு.
சீட்டில் "இல்லை" என்று எழுதி
பழைய எடைச்சீட்டுகளுக்கு அடியில்
இழுப்பறையில் தள்ளினேன்.
மறந்தும் போனேன்.

அடுத்த வாரம் அவனைக் குருண் பக்கம் மாற்றிவிட்டார்கள்.

இன்று மை தேடித் திறந்தால்
இரண்டு இறகு போயிருக்கிறது,
இரண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.
வாயருகே, சீனிக் குருணை மாதிரி,
ஏழோ எட்டோ.
எண்ணி முடிக்குமுன் மூடிவிட்டேன்.

ஆண் சேராமல் இட்டதென்றால்
எல்லாம் ஆணாகவே பிறக்குமாம்,
குடும்பம் நிற்காதாம்.
சேர்ந்த பிறகும் இறகை விடாத பிடிவாதக்காரிகளும்
உண்டாம்.
இரண்டில் எது இவளென்று
லென்ஸ் சொல்லாது,
பையனும் சொல்லமாட்டான்.
முட்டை புழுவாகி, புழு கூடாகி,
கூட்டைக் கிழித்துக்கொண்டு எது வருகிறதோ
அதுதான் பதில்.

வெளியே ஹாரன். செம்பனைக் குலையோடு லோரி.
முப்பத்தெட்டாயிரத்து நானூற்று இருபது.
சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு
"இல்லை"யை அடித்தேன்.
பக்கத்தில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை.
தேதியை மட்டும் போட்டேன்.