மருதில் கட்டிய வடம்

ஒலுமடு தாண்டி இரண்டாம் மதகடியில்
தார் முடிகிறது.
அங்கிருந்து மரம் ஏற்றிய லொறிகளின் பாதை,
முதிரையும் பாலையும் போன வழி.
இப்போது அதில் போவது
நிறோஜினியின் லாண்ட்ரோவர்.
வவுனியா ஏலத்தில் எடுத்து
பதினொரு மாதம் கராஜில் கிடந்தது.
ஒரு கதவு பச்சை, மற்றது வேறு பச்சை.

எங்களுக்குக் காட்டில் அலுவல் ஒன்றுமில்லை.
ஞாயிற்றுக்கிழமை, அவ்வளவுதான்.
"ஆத்தடி மட்டும் போய்ப் பாப்பம்" என்றாள்.

மாரி விட்டு மூன்று கிழமை.
தாழ்நிலம் இன்னும் தண்ணீரை விடவில்லை.
மேலே காய்ந்து வெடித்து, நல்ல பிள்ளை போல;
உள்ளே களி.
பழைய சில்லுத்தடங்கள் எங்கள் சில்லை வாங்கித்
தண்டவாளம் போலக் கொண்டுபோயின.
வீரைக் கொப்பு கண்ணாடியை உரசிற்று.
பிறகு
சத்தமே இல்லாமல்
இடப்பக்கம் அச்சுவரை இருந்துவிட்டது.

வின்ச் இருந்தது. வடம் இருந்தது.
முன்னால், பாதைக்கு வெளியே, பன்னிரண்டு அடியில்
மருது ஒன்று நின்றது.
இடையில் புல்.

மண்டையோட்டுப் பலகை கழற்றிக் கனகாலம்.
துப்புரவாக்கிய நிலம், கடிதம்கூட உண்டு.
ஆனாலும் இந்தப் பக்கத்தில் வளர்ந்த கால்
தடத்தை விட்டு இறங்க முன்
ஒருக்கால் தன்னைக் கேட்கும்.

நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.
அவள் புல்லைப் பார்த்தாள்.
"ராத்திரி ஒருத்தர் போயிருக்கிறார்."
தட்டம் தட்டமாய் ஐந்து குழி,
கலங்கல் இன்னும் அடையவில்லை.
நாலாயிரம் கிலோ நடந்த இடம்.
கொழுக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு
குழிக்குக் குழி கால் வைத்துப் போனாள்.
ஒரு செருப்பை மூன்றாம் குழி வைத்துக்கொண்டது.

வடத்தைச் சுற்றியவள் நின்றாள்.
"இஞ்ச பார், முந்தியும் கட்டியிருக்கு."
இடுப்புயரத்தில் பட்டை மடிந்து
துருப்பிடித்த சங்கிலிக் கண் ஒன்று தெரிந்தது.
மிச்சத்தை மரம் விழுங்கியிருந்தது.
இதே இடத்தில், பாரம் நிறைந்த லொறி;
எவனோ ஒருவன்,
எங்களைப் போலவே தூஷணம் பேசியபடி.
"அப்ப பயமில்லை" என்றாள்.
அந்தச் சங்கிலி சண்டைக்கு முந்தியது.
நான் சொல்லவில்லை.

வடம் விறைத்தது.
தள்ளி நில் என்று கத்தினேன்.
எங்க, என்று கேட்டாள்.

வண்டி ஒரு முழம் வந்து நின்றது.
மறு முழம் வந்தது.
மருதடியில் அவள் ஏறிக்கொண்டாள்,
ஒரு காலில் செருப்பு, மற்றதில் களி.
ஆற்றுக்கு இன்னும் அரைக்கட்டை.
செருப்பை எடுக்க
இருவரும் இறங்கவில்லை.