நடித்த வண்டி

படத்தில் பெண்ணைக் கடத்தும் வண்டி என்னுடையது.
வெள்ளை ஆம்னி. கேஸில் ஓடும்,
கேஸ் தீர்ந்தால் பெட்ரோலிலும்.
நாளுக்கு ஆயிரத்து இருநூறு என்று பேசி
பதினோரு நாள் ஓட்டிவிட்டு
ஆறு நாளுக்குப் பணம் தந்தார்கள்.
மீதிக்கு இரண்டு பாஸ்.

கிருஷ்ணகிரியில் இரண்டாம் ஆட்டம்.
முப்பத்தேழு பேர். எண்ணினேன்.
இடைவேளையில் பப்ஸைக் கடித்தபடி ஒருவர்:
"கேரளான்னு எழுத்துப் போடுறான்,
பின்னாடி கே.ஆர்.பி. டேம் மதகு தெரியுது.
நாம என்ன மீன் சாப்பிடப் போனதே இல்லியா?"
கழிவறை வாசலில் இன்னொருவர்:
"வில்லன் கேக்குறது எண்பது லட்சம்.
அதுல பாதி இருந்திருந்தா
இந்தப் படத்தையே ஒழுங்கா எடுத்திருக்கலாம்."

சிரித்துவிட்டேன்.
என் பின்னால் டைரக்டர் நின்றிருந்தான்.
பர்கூர்ப் பையன், சென்னகேசவன்.
அக்கா பங்கு மாந்தோப்பையும் சேர்த்து அடகு வைத்தவன்.
அவனும் சிரித்தான்,
கொஞ்சம் தாமதமாக.

படம் விட்டதும் ஸ்டாண்டில்
ஆளுக்கொரு கருத்தை
உதைத்துக் கிளப்பினார்கள்.
"முதல் பாதி நகரவே இல்ல மச்சி."
"போலீஸ் ஜீப்புக்கு நம்பர் பிளேட்ட பேப்பர்ல ஒட்டியிருக்கான், பார்த்தியா?"
"குவாரி சீன் பரவால்ல. அந்தப் பச்சைத் தண்ணி."
"ட்விஸ்ட்டு எனக்குப் பேர் போடுறப்பவே தெரியும்."
தெரிந்தவன் ஏன் கடைசிவரை உட்கார்ந்திருந்தான்
என்று யாரும் கேட்கவில்லை.

ஒரே ஒரு ஆள்,
தலையில் துண்டு, மார்க்கெட்டில் தக்காளி இறக்குபவர் போல,
"வேன்தான்யா நல்லா நடிச்சிருக்கு" என்றார்.
"அந்தக் கதவு கிறீச்சுங்குதே,
அதுக்கு மியூசிக்கே வேணாம்."
சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டேன்.
இரண்டு வருடமாக எண்ணெய் காணாத கதவு அது
என்று சொல்ல வாய் வரவில்லை.

கடைசியாக வந்தவளுக்கு
அஞ்செட்டிப் பக்கத்துப் பேச்சு.
கூட வந்தவள் கேட்டாள், எப்படிடி இருந்துச்சு.
டோக்கனைப் பர்ஸில் துழாவிக்கொண்டே
அவள் சொன்னாள்:
"அந்தப் புள்ள ரொம்பக் கத்துது.
கத்துனா யாராச்சும் வருவாங்கன்னு
படம் எடுத்தவருக்கு நெனப்பு."

துழாவல் நிற்கவில்லை.
"வேனெல்லாம் எதுக்கு?
பைக்குல ரெண்டு பேருக்கு நடுவுல ஒக்கார வச்சாப் போதும்.
வழியில டீ வாங்கிக் குடுப்பாங்க.
நான் பன்னும் தின்னேன்."

டோக்கன் கிடைத்தது.
இருபது ரூபாயை நீட்டிவிட்டு
பாக்கிப் பத்தை வாங்காமலே போனாள்.

சென்னகேசவன் என் கையைப் பிடித்தான்.
"அவங்க நம்பர் வாங்கலாமாண்ணா?"
வண்டியில ஏறு, என்றேன்.
பர்கூர்வரை அவனும் பேசவில்லை நானும் பேசவில்லை.
இறங்கும்போது மட்டும்
மீதி ஐந்து நாள் பணத்தை
மாங்காய் சீசனில் தருவதாகச் சொன்னான்.

திங்கட்கிழமை பள்ளிச் சவாரி.
எட்டுப் பேர் வண்டியில் பதிமூன்று பிள்ளைகள்.
ஒரு அம்மா மகன் கையை விடாமல்
வண்டியைச் சுற்றி ஒரு பார்வை பார்த்து
"இதானே அந்த வேனு?" என்றாள்.
ஆமாங்க, என்றேன்.
யோசித்து ஏற்றிவிட்டாள்.
வேறு வேனுக்கு மாதம் இருநூறு கூட.

உள்ளே சண்டை,
கட்டிப்போட்ட சீட் எதுவென்று.
மூன்றாம் வகுப்பு ஹர்ஷிதா ஜெயித்தாள்.
கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு
ராயக்கோட்டை ரோடு முழுக்க
"காப்பாத்துங்க காப்பாத்துங்க" என்று கத்தினாள்.
அந்த நடிகையைவிட நன்றாகவே.

டீக்கடையில், பெட்ரோல் பங்கில்,
மேம்பாலத்தடி சிக்னலில்
திரும்பிப் பார்க்கிறார்களா என்று பார்த்தேன்.
ஒருவர் பார்த்தார்.
வண்டியை அடையாளம் தெரிந்து
கையாட்டினார்.

கதவுக்கு வாங்கிய எண்ணெய்
சீட்டுக்கடியில் கிடக்கிறது.