அடிக்குறிப்பு பதினான்கு

வெலிங்டன் பாரக்ஸ் சரிவில் ஒரு வாடகை அறை.
ஹீட்டரில் ஒற்றைக் கம்பிதான் சிவக்கிறது.
நாயக் பெள்ளி எழுதிய நோட்டைப்
பதினோராம் முறையாகப் படிக்கிறேன்.

பர்மா. ஆற்றின் மேல் மூங்கில் பாலம்.
"பௌர்ணமி. பகல்போல் இருந்தது.
எதிர்க்கரையில் எழுபது பேரை எண்ணினேன்."

பழைய பஞ்சாங்கத்தில் தேடினேன்:
அன்று அமாவாசைக்கு மறுநாள்.
பட்டாலியன் டயரியில்: கனமழை,
இருபது கெஜத்துக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.

எழுதியது போர் முடிந்து இருபத்தாறு வருடம் கழித்து.
நிலா குன்னூர் டாக்கீஸில் ஏதோவொரு படத்திலிருந்து
இறங்கி வந்திருக்கலாம்.
எழுபது, ரீயூனியன் தோறும்
ரம்மோடு கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்திருக்கலாம்.
சிக்னல்காரர் தேவசகாயம் முப்பது என்கிறார்.
அவரும் அதே ரீயூனியனில் இருந்தவர்தான்.

டயரியை நம்பிவிடலாமா?
எழுதிய கேப்டன் பாலத்தருகே இல்லை.
ஒன்பது மைல் பின்னால், கூடாரத்தில்,
மூன்று வார நாட்களையும் ஒரே மையில், ஒரே சாய்வில்.
"ஒழுங்காகப் பின்வாங்கினோம்."
ஒழுங்காகப் பின்வாங்கியவர்கள்
இரண்டு பிரென் துப்பாக்கியையும்
ஆறு கோவேறு கழுதைகளையும் ஏன் விட்டு வந்தார்கள்?
ஸ்டோர் கணக்கு மட்டும் அதைக் கேட்கிறது,
சிவப்புக் கோடு போட்டு.

கழுதை.
இருபத்தேழாம் பக்கத்தில், யாரும் கேட்காமலே,
ஒன்றின் இடது காது கிழிந்திருந்தது என்கிறார் பெள்ளி.
ஹட்டியிலிருந்து வந்த கடிதம்
அதன் சேணத்துக்குள் இருந்ததாம்.
எடுக்கவில்லை. "ஓடினேன்" என்று எழுதி
அதை அடிக்காமல் விட்டிருக்கிறார்.
அந்தக் காதுக்காக யாரும் பதக்கம் தரமாட்டார்கள்.
பென்ஷனில் நாலணா ஏறாது.

கால்நடைப் பதிவேடு, எண் முப்பத்தொன்று:
காது கிழிசல், வலது.

பேனாவை மூடிவிட்டு
ஒரு டீ குடிக்கப் போய்விட்டேன்.
பாதி டம்ளரில்தான் உறைத்தது.
எதிரே நின்று பார்ப்பவனுக்கு
கழுதையின் வலது, இடது.
ஓடியவன் ஒருமுறை நின்றிருக்கிறான்.
திரும்பி, அதன் முகத்தைப் பார்த்திருக்கிறான்.

என் கண்ணைப் பற்றியும் சொல்லவேண்டும்.
போன செவ்வாய், பர்லியாருக்கு மேலே வளைவில்
ஒரு ஜீப் காட்டெருமையை இடித்துவிட்டு நிற்காமல் போனது.
பத்தடி தூரம். வெள்ளை ஜீப் என்று
ஸ்டேஷனில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.
டீக்கடைக் கேமராவில் அது பச்சை.
வெள்ளையாக இருந்தது பனிமூட்டம்.

பென்சிலால் குறிக்கிறேன்:
நிலா, தள்ளுக. எழுபது, ஐயம்.
காது, இருக்கட்டும்.

இருபத்தேழுக்கு அடுத்த தாள் இல்லை.
ஸ்கேல் வைத்து நேராகக் கிழித்திருக்கிறது.
பெள்ளியா, மகனா, ரெஜிமெண்ட் ஆபீஸா,
பார்த்தவர் யாரும் இல்லை.