போன மாத விலை

மாதத்தின் இரண்டாம் வியாழன்
நெல்லித்தோப்பு மார்க்கெட்டில்
எதையும் வாங்காமல்
எல்லாவற்றுக்கும் விலை கேட்கிறவள் நான்.
புள்ளியியல் துறை. ஒப்பந்தப் பணி.
கழுத்தில் அட்டை,
கையில் கிலோவை மட்டும் நம்பும் படிவம்.

இங்கே யாரும் கிலோவில் வாழ்வதில்லை.
பத்து ரூபாய்க்குத் தக்காளி,
கூறு கட்டிய கத்திரிக்காய்,
கொசுறாகக் கறிவேப்பிலை.
கொசுறுக்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.
முட்டை மட்டும்
சொல்லிக்கொடுத்த சாட்சி போல
எல்லாக் கடையிலும் ஒரே விலை சொல்லும்.

"நீ எழுதி எழுதித்தான் ஏறுதோ?"
எண்ணெய்க்கடை லூர்துநாதன்
மாதாமாதம் கேட்கிறார்.
மாதாமாதம் சிரிப்பதும்
பணியில் சேர்ந்ததுதான்.

இது மே. தடைக்காலம்.
விசைப்படகெல்லாம் தேங்காய்த்திட்டில் கட்டிக் கிடக்கிறது.
சரக்கு எண் நாற்பத்தேழு:
வஞ்சிரம், நடுத்தரம், புதியது.
அமிர்தவல்லியின் பலகையிலோ
மூன்று நாள் ஐஸில் தூங்கிய கேரளத்து மத்தி.

"வஞ்சிரமா? சட்டசபையில போய்க் கேளு.
எங்க நிவாரணம் அங்கதான்
கோடியில நீந்துதாம்."
அரிவாள்மனையில் செதில் பறக்கிறது.
ஒன்று படிவத்தில் ஒட்டிக்கொள்கிறது.
"வந்துச்சா?"
"பேப்பர்ல வந்துச்சு."

கையேடு, பக்கம் பன்னிரண்டு:
சரக்கு கிடைக்காத மாதத்தில்
போன மாத விலையையே திரும்ப எழுதுக.
எழுதினேன், எண்ணூற்று ஐம்பது.
இல்லாத மீன்,
ஏறாத விலை.

இந்த எண் மாடியேறிப் போய்
மற்ற எண்களோடு கலந்து
புள்ளிக்குப் பின்னால் ஓர் இலக்கமாகும்.
அதைப் பிடித்துக்கொண்டு
நிரந்தர ஊழியருக்கு அகவிலைப்படி ஏறும்.
எனக்குத் தொகுப்பூதியம்.
பிப்ரவரியோடு நின்றது.
"கணக்குத் தலைப்பு மாத்துறாங்கம்மா" என்கிறார் கண்காணிப்பாளர்,
பாலம் வேலைக்காக
பஸ் சுற்றிப் போவதைச் சொல்வது போல.

சாயங்காலம் கருவடிக்குப்பம்,
வீட்டருகே மளிகைக்கடை.
அரிசி அஞ்சு கிலோ, துவரம்பருப்பு கால்.
இங்கே நான் விலை கேட்பதில்லை.
செல்லமுத்து நாடார் நீள நோட்டை எடுத்து
என் பக்கத்தைத் திருப்பி
வரவுக் கட்டத்தின் மேல்
பேனாவை நிறுத்துகிறார்.
"இந்த மாசம் என்னம்மா போட?"

"போன மாசம் போட்டதையே
திரும்ப எழுதிக்குங்க" என்றேன்.

எழுதினார்.
நல்ல வட்டமான சுழி.