வண்டிச் செலவு

அறுபதாவது தவணை கட்டிய அன்றைக்கு
எங்கேயாவது பெரிய இடத்தில் சாப்பிடணும் என்றேன்.
பாலம் தாண்ட வேண்டாம்,
இங்கேயே வந்திருக்கு என்றார் தேசிங்கு.
தண்டையார்பேட்டையில்
பழைய எண்ணெய் மில் இருந்த இடத்தில்,
நாலாவது மாடியில், பஞ்சாப்.

லிஃப்ட் திறந்ததும் நெய் வாசம்.
சுவரிலிருந்து பாதி வெளியே வந்து
ஒரு லாரி நின்றிருந்தது.
முகம் மட்டும். முன்விளக்கு, பம்பர்,
ஆரஞ்சும் பச்சையுமாய் மயில் தோகை.
உடம்பு கிடையாது.

மற்றவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்தார்கள்.
இவர் குனிந்து பம்பரைத் தட்டிப் பார்த்தார்.
"ஃபைபர்," என்றார்,
யாரோ செத்துப்போனதைச் சொல்வதுபோல.
கட்டியிருந்த எலுமிச்சையும் பிளாஸ்டிக்.
மிளகாய் மட்டும் நிஜம்போல வாடியிருந்தது.
வாடின மாதிரியே செய்திருக்கிறார்கள்.

மெனு கார்டு மணப்பலகை கனம்.
நான் வலது ஓரத்தை மட்டும் படித்தேன்.
ஐந்து வருஷமாய் எனக்கு அந்த ஓரம்தான் பழக்கம்:
டீசல், டோல், டயர், மாமூல்,
தேதி தவறினால் வட்டிக்கு வட்டி.

தலைப்பாகைப் பையன் வந்தான்.
கட்டியதில்லை, தொப்பிபோல மாட்டிக் கழற்றுவது.
இந்தியில் வரவேற்றான். நாங்கள் முழித்ததும்
"கொருக்குப்பேட்டதான்க்கா நானு" என்றான், குரலை இறக்கி.
பிறகு நிமிர்ந்து, கருப்புப் பருப்பைக் காட்டி,
மனப்பாடம் செய்ததை ஒப்பித்தான்:
"பதினெட்டு மணி நேரம் சிறுதீயில் வெந்தது."

தேசிங்கு ஸ்பூனைக் கீழே வைத்தார்.
"நானும்தான்."

எண்ணூர் ரோட்டில்
கன்டெய்னர் வண்டிகள்
ஒன்றின் வாலை ஒன்று மோந்து நிற்கும் வரிசையில்,
சித்திரை மாசம்,
இன்ஜினை அணைத்து, பத்தடி நகர்த்தி, மறுபடி அணைத்து,
ஹார்பர் கேட்டுக்குப் பதினெட்டு மணி நேரம்.
அப்படி ஒரு ராத்திரிதான்
முன்னால் நின்ற லூதியானா வண்டிக்காரர்,
பல்கார் சிங்கோ என்னவோ பெயர்,
ட்ரெய்லருக்கு அடியில் ஸ்டவ் பற்றவைத்து
ரொட்டி தட்டிக் கொடுத்தாராம்.
இவருக்கு இந்தி வராது.
அவருக்குத் தமிழில் 'சரி'யும் 'போ'வும்.
அந்த ரெண்டே சொல்லில் விடியும்வரை பேசினார்களாம்.
வெங்காயத்தை அறுக்கவில்லை.
சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டைமேல் வைத்து
முஷ்டியால் ஒரே குத்து.

இந்தக் கதையை நூறு தரம் கேட்டாச்சு.
நூற்றியோராவது தரம் பாதியில் இருக்கும்போது
மேசைக்கு வெங்காயமே வந்தது.
வினிகரில் ஊறி, ரோஸ் நிறத்தில், வளையல் வளையலாய்.

"முழுசா ஒண்ணு கிடைக்குமா தம்பி?"

மடித்த துணி விரித்த பீங்கான் தட்டில்
ஒற்றை வெங்காயம்
சீமந்தக்காரிபோல் நடந்து வந்தது.
வேணாங்க என்று நான் வாயெடுப்பதற்குள்
தட்டை நகர்த்தி, மேசைமேல் வைத்து,
ஒரு குத்து.

தம்ளர்கள் குதித்தன.
பக்கத்து மேசைக் குழந்தை சிரித்தது.
அதன் அம்மா சிரிக்கவில்லை.
சமையல்கட்டுக் கண்ணாடிக்குப் பின்னால்
தந்தூர்மேல் குனிந்திருந்த ஒருவர் நிமிர்ந்தார்.
தலைப்பாகை இல்லை, வலைத்தொப்பி.
பார்த்தார்.
மறுபடி குனிந்துகொண்டார்.
அவ்வளவுதான். நான் வேறென்னவோ எதிர்பார்த்தேன்.

உடைந்ததில் நடுக்குருத்தை எடுத்து
என் தட்டில் வைத்தார்.
பருப்பில் தோய்த்துக் கடித்தேன்.
காரம் மூக்கில் ஏறிக் கண்ணில் வந்தது.
வெங்காயம்தான்.
கடன் தீர்ந்ததற்கு யாராவது அழுவார்களா?

பில்லில் அதுவும் இருந்தது.
முழு வெங்காயம் ஒன்று, நாற்பது ரூபாய். வரி தனி.
கொருக்குப்பேட்டைப் பையன்
தலையைச் சொறியப் போய்த் தலைப்பாகையைச் சொறிந்தான்.
"கம்ப்யூட்டர் உட மாட்டேங்குதுக்கா."

கீழே, வாட்ச்மேன் உள்ளே விடாமல்
ரோட்டோரம் நிறுத்தச் சொன்ன எங்கள் வண்டி,
பத்துச் சக்கரமும் முழு உடம்புமாய் நின்றது.
எலுமிச்சை நேற்றுக் கட்டியது.
கேபினில் ஏறி நோட்டை விரித்தேன்.
'தவணை' என்ற பத்தியில் இனி எழுத ஒன்றுமில்லை.
கோடு போட்டு அடித்தேன்.
அடுத்த பத்தியில் தேதி எழுதி,
வண்டிச் செலவு என்று போட்டு,
வெங்காயம் 1.