அரை மணிப் பங்கு

சோஹாரிலிருந்து ஒன்றே முக்கால் மணி நேரம்.
கடைசி நாற்பது நிமிடம்
மலையிடம் கேட்டுக் கேட்டுத் திரும்பியது ரோடு.
பொன்னுலிங்கத்திடம் இரவல் வாங்கிய கரோலா,
ஏசி முகத்துக்கு மட்டும் அடிக்கும்
முழங்காலுக்கு வராது.
நீ ஜன்னல் பக்கம் சாய்ந்து
ஓமான் சிப்ஸை ஒவ்வொன்றாய் உடைத்துக்கொண்டிருந்தாய்.
புதன்கிழமை முடிகிறது உன் விசிட் விசா.
அதைப் பேசக் கூடாது என்று
யாரும் சொல்லவில்லை.

பள்ளத்தாக்கின் வாயில் ஒரு போர்டு:
முழங்கால் தெரியும் உடை கூடாது
கால்வாயில் சோப்பு கூடாது
ட்ரோன் கூடாது.
"மூச்சு விடலாமான்னு கேளு" என்றாய்.
அன்றைக்கு உன் முதல் வாக்கியம்.

முதல் குளம் பச்சை.
அடுத்தது அதைவிடப் பச்சை.
எனக்குத் தண்ணீர் என்றால் எண்.
ஷிப்டுக்கு இத்தனை கனமீட்டர்,
இத்தனை பார் அழுத்தம்,
பத்து லட்சத்தில் இத்தனை பங்கு உப்பு.
பதினோரு வருடமாய்க் கடலைக் குழாயில் நசுக்கிக்
குடிநீர் எடுக்கிறவன்
யாரும் நசுக்காமல் சும்மா கிடந்த தண்ணீரைப் பார்த்ததும்
கை மீட்டரைத் தேடியது.

நீ காலை விட்டாய்.
விரல் நீள மீன்கள் வந்து
குதிகால் வெடிப்பைக் கொத்தின.
கூசிச் சிரித்த சிரிப்பு பாறையில் பட்டுத் திரும்பியது.
எதிர்க்கரையில் கஹ்வா ஊற்றிக்கொண்டிருந்த குடும்பம்
நிறுத்திப் பார்த்தது,
பிறகு ஒரு பையன் கையில்
ஒரு தட்டுப் பேரீச்சை அனுப்பியது.
கொட்டையை எங்கே போடுவதென்று தெரியாமல்
என் சட்டைப்பையில் போட்டாய்.

மண்கோட்டைக்கு டிக்கெட் ஐந்நூறு பைசா.
உள்ளே தோல்வாளி, நீளத் துப்பாக்கி,
தாடி பாதி உரிந்த ஒரு பொம்மை மனிதன்
கணக்கு எழுதுகிறான்,
யாருக்கு எத்தனை நேரம் தண்ணீர் என்று.
ஒரு குச்சி. அதன் நிழல். தரையில் வரிசையாய்க் கற்கள்.
கல்லிலிருந்து கல்லுக்கு நிழல் நகர்ந்தால்
ஒருவர் பங்கு தீர்ந்தது.
இரவென்றால் நட்சத்திரம்.
அரை மணி நேரத்தை விற்கலாம், குத்தகைக்கு விடலாம்,
பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம்.

"மேகம் வந்தா?" என்று கேட்டாய்.
விளக்க அட்டையில் அதற்குப் பதில் இல்லை.

தோப்புக்குள் ஃபலஜ் கரைமேல்
ஒருவர் பின் ஒருவராய்த்தான் நடக்க முடியும்.
ஒரு முழ அகலக் கால்வாயில்
உன் இடது செருப்பு விழுந்து கிளம்பிவிட்டது.
துரத்தினேன்.
பேரீச்ச மட்டை தலையில் இடிக்க,
மாதுளை முள் கையைக் கிழிக்க,
எலுமிச்சை மரத்தடியில்
அதை மண்வெட்டியால் தூக்கிப் பிடித்திருந்தான் ஒருவன்.
ஃபரீத்பூர்க்காரன், பெயர் மொஃபஸ்ஸல்.
செருப்பை இரண்டு கையாலும் கொடுத்தான்.

அப்போது அவன் போனில் அலாரம்.
"அப்துல்லா கதம், நாசர் சாலு" என்றான்.
துணி சுற்றிய கல்லை நாசரின் மடையிலிருந்து உருவி
அப்துல்லாவின் மடையில் வைக்கப் போனவன்
உன் முகத்தைப் பார்த்துவிட்டு
கல்லை உன்னிடம் நீட்டினான்.

வைத்திருக்கலாம். ஒரு நொடி வேலை.
நீ உட்கார்ந்துவிட்டாய்.
ஈரக்கல் புடவையை நனைக்க
மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாய்.
தண்ணீர் இரண்டு தோப்புக்கும் ஓடியது.
மொஃபஸ்ஸல் போனைப் பார்த்தான், மரத்தைப் பார்த்தான்,
காது குடைந்தான்.
நான் மனதுக்குள் லிட்டர் எண்ணத் தொடங்கி
எண்பதில் விட்டுவிட்டேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது.
எழுந்து, கல்லை வைத்து, காலால் அழுத்தினாய்.
"ரொம்ப டைட்டா அடைச்சுட்டேனோ" என்றாய்.

திரும்பும் வழியில் இறக்கத்தில் காரை நிறுத்தி
ஏசி மூடியை உன் முழங்கால் பக்கம்
திருப்பிப் பார்த்தேன்.
கையோடு உடைந்து வந்தது.
பொன்னுலிங்கத்திடம் என்ன சொல்வதென்று
சோஹார் வரை பேசிக்கொண்டு வந்தோம்.